ஏழேகால் வண்டி நிற்கும் இடம்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்டேஷன் சுவரில் நோட்டீஸ். பயணிகள் குறைவாம், மே மாதத்திலிருந்து ஏழேகால் பாசஞ்சர் இங்கே நிற்காதாம்.  இரண்டு பஸ் மாறிப் போனால் எட்டு மணிக்குள் கோவையில் ஸ்கேன் சென்டர் போய்ச் சேர முடியாது. டோக்கன் கொடுக்க அவர்களுக்கு வேறு ஆளா கிடைக்காது? என் வேலை போய்விடும்.

மார்ச் 5

ஸ்டேஷன் பாலத்தில் நின்று ஏழேகாலில் ஏறுகிறவர்களை எண்ணினேன். கடைசியாக ஓடிவந்து ஏறிய என்னையும் சேர்த்து அறுபத்து மூன்று பேர். மாலையில் கவுன்டர் ராசப்பன் அண்ணனோடு சண்டை. "நான் என்னங்க அம்மணி பண்றது? கம்ப்யூட்டர்ல ஒரு நாளைக்கு அஞ்சு டிக்கெட்டுதான் காட்டுது" என்கிறார். அப்படியானால் மற்றவர்கள் எல்லாம் பேயா?

மார்ச் 6

விடை கிடைத்தது. வெட்கமாக இருக்கிறது. வண்டியில் தையல்கடை குத்தூஸ் பாயின் சீசன் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். கொடுத்த இடம் கோவை ஜங்ஷன். பக்கத்தில் இருந்தவருடையதும் அதேதான். என்னுடையதும்! வேலை முடிந்து வரும்போது அங்கேயே எடுத்துவிடுகிறோம். இங்கே கவுன்டரை எட்டிப் பார்ப்பதே இல்லை. எங்கள் கணக்கெல்லாம் ஜங்ஷன் பேரில். சொந்த ஸ்டேஷனுக்கு நாங்களே உலை வைத்திருக்கிறோம். அறிவு கெட்ட ஜென்மங்கள் — நான்தான் முதல்.

மார்ச் 9, ஞாயிறு

பாயின் மனைவி குல்சும் அக்காவோடு வீடு வீடாக ஏறி இறங்கினேன். "முதல் தேதி சீசன் நம்ம கவுன்டர்லதானுங்க எடுக்கோணும்." எதிர்வீட்டு மனோஜ்குமார் சிரித்தான். "நாலு பேர் எடுத்தா ரயிலு இங்க நிக்குமாக்கா?"

"நாலு பேரா? நீ வந்து வரிசையில நில்லு கண்ணு, அப்பறம் எண்ணிக்க" என்றேன். வந்த கோபத்துக்கு அது ரொம்பக் குறைவு.

ஏப்ரல் 1

வந்தார்கள்! கவுன்டரிலிருந்து சைக்கிள் ஸ்டாண்ட் வரை வரிசை. மனோஜ்குமாரும் நின்றான், என் முகத்தைப் பார்க்கவில்லை. பாதியில் டிக்கெட் ரோல் தீர்ந்துவிட்டது. ராசப்பன் அண்ணனுக்குக் கைகால் ஓடவில்லை. "ஏனுங்க, ஒம்பது வருசத்துல ரோலு தீந்து இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!"

ஏப்ரல் 2

உடம்பெல்லாம் வலி. இது போதுமா? தெரியவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

நிற்கும்! கவுன்டர் கணக்கைப் பார்த்து, நிறுத்தம் தொடரும் என்று உத்தரவு வந்துவிட்டது. பழைய நோட்டீஸைக் கிழிக்க ராசப்பன் அண்ணன் என்னையே கூப்பிட்டார். ஒரே இழுப்பு. அப்புறம் என்னவோ அழுகை வந்துவிட்டது. "ஏண்டி அன்பு, ஜெயிச்சவ அழுவாளா?" என்ற குல்சும் அக்காவும் அழுதாள்.

ஜூன் 16, திங்கள்

காலேஜ் திறந்துவிட்டது. பஸ்ஸில் போன பிள்ளைகளெல்லாம் இப்போது நம் வண்டிக்கு வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லை; ஜங்ஷன் வரை ஒற்றைக்காலில் நின்றேன். எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே டோக்கன் கொடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

கால் கடுக்கிறது. கடுக்கட்டும்.