ஆறு குடியைச் சொல்லி ஏழாவதை விட்டது

மருதந்துறை,
மட்டக்களப்பு.
ஆனி 12

அன்பு மகன் சுபாகரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நோர்வேக் குளிரில் உன்னைக் கண்ணகை அம்மாள் பார்த்துக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். கிழமைக்கு மூன்று தரம் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். உன் அப்பா போன கிழமை, "உனக்கு ஒரு நிமிசத்துக்கு மேல ஒண்டும் சொல்லத் தெரியாது கேதீஸ்வரி" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் பேனையை எடுத்தேன், கடைசிப் பக்கம் வரை நிறுத்த மாட்டேன்.

நடந்த கூத்துக்கெல்லாம் நீதான் காரணம். போகும்போது அப்பாவுக்கு ஒரு வலைப்பூ திறந்து கொடுத்துவிட்டுப் போனாய், போனதும் எனக்குக் கமரா நல்ல போனாகப் பார்த்து அனுப்பினாய். அவர் இந்த ஆறு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டுரை எழுதிவிட்டார். வாவி இறாலைப் பற்றி எழுதினாலும் வயல் வட்டைக்கு வரும் கொக்கைப் பற்றி எழுதினாலும் உலகம் தோன்றிய நாளிலிருந்துதான் தொடங்குவார். வாசிக்கிறவர்கள் இரண்டு பேர், நீயும் திருநெல்வேலியில் யாரோ ஒருவரும். அந்த மனிதர் எல்லாவற்றுக்கும் கீழே "அருமை ஐயா" என்று போடுவார், அப்பாவின் கூட்டாளி செத்துப்போனதை எழுதியதற்கும் அதையே போட்டிருந்தார். நான் ஐம்பது வினாடியில் நண்டுக்கறி வைத்து டிக்டொக்கில் விட்டேன், நாற்பத்தோராயிரம் பேர் பார்த்தார்கள். அன்றிலிருந்து நான் இந்த வீட்டில் சினிமாக்காரி. அவர் கிரான் ஊரிலிருந்து என்னைக் கட்டி என் வீட்டுக்கு வந்த மனிதர் என்பதால் கோபம் வந்தாலும் வெளியேறிப் போக இடமில்லை, வலைப்பூவுக்குள் போய்விடுவார்.

வைகாசியில் வருஷச் சடங்குக்குக் கண்ணகை அம்மாள் கோயில் கதவு திறந்தது. உன் தங்கச்சி தக்ஷாயினிக்கு உதயரூபனைப் பேசிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். பேச்சுக்கால் என்பது ஊருக்குத்தான், இரண்டு பேரும் இரண்டு வருஷமாக ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய்த் தாங்களாகவே முடிவெடுத்துவிட்டார்கள், பெரியவர்கள் வெற்றிலை மாற்றுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் கோயிலில் சடங்கு நடக்கும் ஏழு நாளும், தாய்வழியாக வரும் நம் ஏழு குடிக்கும் ஒவ்வொரு முறை இருக்கிறதே, அதை ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவோம் என்று பட்டுச் சேலை உடுத்திக்கொண்டு நின்றேன். ஆறு குடி சொன்னதும் நிமிஷம் முடிந்துவிட்டது. கடைசி நாள் அம்மாளுக்குப் படையல் வைத்த மடைப்பெட்டி கொண்டுவரும் குடியை நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் பொங்கலுக்கு அரிசி புடைத்ததில் மறந்தே போனேன். அது யாருடைய குடி தெரியுமா, உதயரூபனின் தாய் வசந்தாதேவியின் குடி. பெயரை இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன், குடிப் பெயரோடு விளையாடிப் பட்டது போதும்.

இருபத்து மூவாயிரம் பேர் பார்த்ததில் அந்த மனுஷி முதல் ஆளாகப் பார்த்திருக்கிறாள். அடுத்த நாளே ஆள் விட்டுச் சொன்னாள், "எங்கட குடியக் கோயிலிலயே இல்லாமச் செய்த வீட்டில நாங்க எப்படிச் சம்பந்தம் செய்யிற?" என்று. தக்ஷா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நான் வீடியோவை அழித்தேன், அதற்கும் "பிழையச் செய்துபோட்டு இப்ப மறைக்கிறா" என்று கதை வந்தது. ஐந்து நாள் அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறாம் நாள் அப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். இதைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னமே முழுதாக எழுதியிருக்கிறாராம், முப்பத்தோராம் பந்தியில் வசந்தாதேவியின் அப்பப்பா வருகிறாராம், சீ, இல்லை, தாய்வழியல்லவா, அம்மப்பா. கச்சான் காற்றில் வாவி நடுவே தோணி கவிழ்ந்தபோது மடைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் நீந்திக் கரை சேர்ந்தவராம். லிங்க்கை என் டிக்டொக்கில் போடச் சொன்னார். முப்பது பந்தி தாண்டி யார் போவார்கள் என்று நான் கேட்டேன். பிறகு யோசித்து நானே துறையில் போய் நின்று, இருபது வினாடியில், "இந்த வாவியில மடைப்பெட்டி நனையாம நீந்தினவர் எந்தக் குடி? எங்கட வீட்டுக்காரர் எழுதியிருக்கார், வாசிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொல்லி லிங்க்கையும் போட்டுவிட்டேன். இரண்டு நாளில் ஆறாயிரம் பேர் வலைப்பூவுக்குள் வந்தார்கள். உன் அப்பா அன்று முகச்சவரம் செய்து கொலர் வைத்த சேட்டுப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தார், வருகிறவர்கள் தன்னைப் பார்ப்பார்கள் என்பதுபோல.

மூன்றாம் நாள் வசந்தாதேவி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு படலையைத் திறந்து வந்தாள். உலகம் தோன்றிய நாளிலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறாள். "அண்ணன், ஒரு பிழை இருக்கு, எங்கட அம்மப்பா நீந்தல்ல, நடந்தவர், அந்த இடத்தில தண்ணி நெஞ்சளவுதான்" என்றாள். அப்பா திருத்தட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம், ஆறாயிரம் பேர் பார்த்துப்போட்டாங்க, நீந்தினதாவே இருக்கட்டும்" என்றாள். தேத்தண்ணி குடித்து முடிக்கும் முன் ஆவணி மாதம் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது.

இப்போது நான் சந்தைக்காரிபோல் கூவி ஆளைக் கூட்டுகிறேன், அவர் நிறுத்துக் கொடுக்கிறார். படம் எடுக்கும் முன் யாரையாவது விட்டுவிட்டேனா என்று அவரிடம் கேட்கிறேன். அவரும் உலகம் தோன்றியதை இரண்டு பந்தியாகக் குறைத்திருக்கிறார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த முப்பத்தோராம் பந்தியைத் தேடியபோதுதான் அவர் எழுதிய மற்றவற்றையும் முதல் தடவையாக வாசித்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. 'கட்டுநாயக்கா விமான நிலையம் போய்வந்த பயணக் குறிப்பு' என்று ஒன்று. வெலிக்கந்தை யானையில் தொடங்கி நீளமாகப் போகிறது, நான் சிரித்துக்கொண்டே வாசித்தேன். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார், "உள்ளே போகும் முன் மகன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் தரம் நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசிப்பதுபோல் நின்றுகொண்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது." கையைக்கூட அசைக்காத கல்நெஞ்சுக்காரன் என்று வீடு வரும்வரை அவரை ஏசிக்கொண்டு வந்தவள் நான். நீ இதை எப்போதோ வாசித்திருப்பாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கச்சி கல்யாணத்துக்கு வா மகன். லீவு கிடைக்குமா என்று அவர் உன்னிடம் கேட்க மாட்டார், அதனால் நான் கேட்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, சாமத்தில் குளிக்காதே. அம்மாள் உன்னை நோய் நொடியில்லாமல் காக்க வேண்டும், போகும் பாதையெல்லாம் உனக்கு வெளிச்சமாக இருக்க வேண்டும். வருகிறேன் என்பதை எனக்குப் பத்து வினாடிக் குரலில் அனுப்பினால் போதும். அப்பாவுக்கு மட்டும் நீட்டி எழுது.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்து ஆறு வருஷமான அம்மா
ஏரம்பமூர்த்தி கேதீஸ்வரி