ஐந்து தலைவர்களும் தாடி எடுத்த வாரம்

வார்னே ஓடை,
பனி இளகும் மாதம்.

அன்புத் தம்பி தெவ்ரினுக்கு, அக்கா மீர்சா எழுதுவது. இங்கே நானும் குழந்தையும் நலம். உன் அத்தானும் நலம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். கூடாரத்தில் ஈரத்தரையில் படுக்காமல் இருக்கிறாயா?

உன் கடிதம் வந்தது. ஐந்து கூட்டங்களும் சேர்ந்து ஒரே நாடாகிறது, வேல்மோர் என்று பெயரும் வைத்தாயிற்று, முதல் ராஜா நீதான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. பொறாமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

ஒரு ஆடு எல்லை தாண்டி மேய்ந்ததற்கு வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத தலைவர்கள் இவர்கள். எல்லோரும் ஒரே மூச்சில் உன் பெயரைச் சொன்னார்களாம். நீ நல்லவன், யார் சண்டையையும் பேசித் தீர்த்துவிடுவாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் கழுதை ஓட்டி உப்பு விற்ற உன்னைப் பின்வரிசையில்கூட உட்காரவிடாதவர்கள், திடீரென்று தலையில் தூக்கிவைத்து ஆடினால் ஏனென்று கேட்க வேண்டாமா?

அப்புறம் இந்தத் தாடி. தலைவன் மட்டும்தான் தாடி வைக்கலாம், செத்தாலும் எடுக்கமாட்டான் என்பது நம் வழக்கம். போன வாரம் ஐந்து பேரும் மழித்துவிட்டார்கள். மாவு அரைக்கப் போன இடத்தில் ஆலைக்காரி ப்ரோனா, "என்னடி மீர்சா, உன் புருஷன் உரிச்ச கிழங்கு மாதிரி இருக்கான், தலைவர் பதவி கசந்துபோச்சா?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் கேட்டால் உன் அத்தான், "இனிமே ராஜாவுக்கு மட்டும்தான் தாடி. உன் தம்பிக்கு மரியாதை பண்றோம், அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே" என்கிறார்.

ராஜா என்று ஒருவன் வந்துவிட்டால் குகையில் இருக்கும் நெருப்புநாகம் அடங்கிவிடும், இனி வருஷத்துக்கு ஒரு தலைவன் மலை ஏற வேண்டியதில்லை என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரைக் கேட்டுச் சொன்னார்கள், தம்பி? ஏறியவன் எவனும் திரும்பி வரவில்லையே. தாத்தா காலத்தில் நம் ஆட்கள் இந்த மண்ணில் கால் வைத்தபோது அது கேட்டது ஒன்றுதான். பனி இளகியதும் ஒரு தலைவன் வர வேண்டும், வந்தால் வயலை எரிக்காது. தாடியைப் பார்த்துத்தான் அது ஆளை அறிகிறது. இப்போது இந்தப் பள்ளத்தாக்கில், ராஜா என்று அவர்கள் சொன்னதால் தாடி வளர்த்துக்கொண்டிருப்பவன் நீ ஒருவன்தான்.

முடிசூட்டு விழாவையும் மலையடிவாரத்தில், தலைவன் மலை ஏறும் அதே நாளில் வைத்திருக்கிறார்கள். கிரீடம் தயார். அரியணைக்கு மட்டும் தச்சன் ஓலிக்கிடம் யாரும் சொல்லவில்லை. "நின்னுக்கிட்டே ஆள்ற ராஜா போல" என்று அவன் கிண்டலடிக்கிறான். அடுத்த வருஷத்துக்கு வேறொரு ராஜாவைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த வருஷம் மலை ஏறும் முறை உன் அத்தானுடையது. குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், கஞ்சிகூட இறங்கவில்லை. நானும் கூடவே அழுதேன். உன்னை ராஜாவாக்கிய கூட்டத்திலிருந்து வந்த அன்று கேட்டு வாங்கிக் குடித்தார். நேற்று கூரைமேல் ஏறி ஓடு மாற்றினார், வரும் குளிருக்கு ஒழுகக் கூடாதாம். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பாடுகிறார். அந்தப் பாட்டை மறுபடி கேட்க நான் எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா? உன் பெயரை முதலில் சொன்னது யார் என்று கேட்டேன். குனிந்து ஓடுகளை அடுக்கத் தொடங்கினார்.

கம்பளி விற்கும் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவளோடேயே புறப்பட்டு உப்புக் கணவாய் தாண்டிப் போய்விடு. இங்கே வராதே, வந்தால் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

நீ போய்விட்டால் மழித்த முகத்தோடாவது மலை ஏற வேண்டியவர் யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னை ஏமாற்றி அனுப்பிவிட்டு அந்தக் கூரைக்குக் கீழே என்னால் படுக்க முடியாது.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு, கல்யாணம் செய்துகொள், பிள்ளைகளோடு இரு. இந்த வருஷம் யார் போனார்கள் என்று மட்டும் எனக்கு எழுதிக் கேட்காதே.

உன் அக்கா,
மீர்சா