அடி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போன படம்

இன்று காலை பள்ளி அலுவலகத்தில் விடுப்பு விண்ணப்பங்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். பஞ்சிங் மெஷினின் அடித்தட்டு திறந்துகொண்டு, வட்ட வட்டமான காகிதப் பொட்டுகள் மேசையெல்லாம் சிதறின. பெருக்குகிற அக்கா முணுமுணுத்தாள். நான் அவற்றைத் தட்டிவிடாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "கொட்டிக் களயாத பிள்ளே, எடுத்து வையி. சண்டைக்கு ஆவும்" என்றிருப்பாய்.

நமக்குச் சண்டைக்கு ஆகாத பொருள் என்று ஒன்று இருந்ததா? நம் கார்ட்டூனில் வாளும் வாளும் மோதும்போது தெறிக்கிற பொறிகள் இந்தக் காகிதப் பொட்டுகள்தான். குத்துச் சத்தம், துவைகல்லில் அடித்த ஈரத் துவர்த்துத் துண்டு. பாறசாலை ஸ்டுடியோவின் பின்கட்டில் நாம் இரண்டு பேரும் துவர்த்தை அடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, துணி வெளுக்கத் தருவதற்கு ஒரு அம்மாள் வந்துவிட்டாள். நீ வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றாய்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கல்யாண வீடியோ எடுக்கிற அந்த ஸ்டுடியோவில் நான் கேசட்டுகளைச் சேர்த்து வெட்டுகிற வேலை, நீ ஆல்பம் ஒட்டுகிற வேலை. நான் மிஷன் சபை வீட்டுப் பெண், வாயைத் திறந்தால் வேத வசனம். நீ பொழியூர்க் கடற்கரைக்காரி, வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். எப்படித்தான் ஒட்டிக்கொண்டோமோ. திருவனந்தபுரத்தில் புதிதாக வந்த அனிமேஷன் கம்பெனி ஒன்று, வெளிநாட்டுக்காரர்களுக்காக ஒரு வீடியோ கேமைக் கார்ட்டூன் படமாக்கப் போகிறது, வரைகிறவர்களை எடுக்கிறார்கள் என்று முதலாளி சார் எங்கிருந்தோ கேட்டுவந்தார். அந்த கேமிலிருந்தே மூன்று நிமிடம் படமாக்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்த கேம் உன் வீட்டிலேயே இருந்தது. உன் மாமன் கல்ஃபிலிருந்து கொண்டுவந்து டி.வி.யில் பொருத்தியது. உன் கை தூக்கத்திலும் அதை விளையாடும்.

முகமூடிக்காரன் ஒருவன் கூரை கூரையாகத் தாவுவான். எதிரே வருகிறவனை வெட்டுவான், உதைப்பான். அடி வாங்கினவன் இரண்டு தடவை மின்னி, இல்லாமல் போவான். பிறகு அடுத்தவன் வருவான். அவனுக்கும் அதே முகம்.

"பட்டனை நாம அமுக்கினாத்தான் இதுல ரசம் உண்டு. கையைக் கட்டிட்டு இருந்து இதை எவன் பாப்பான்?" என்று நான் கேட்டேன். எனக்கு என்னவோ பெரிய படமெடுக்கிறவள் என்ற நினைப்பு.

நீ பென்சிலைக் கடித்தபடி யோசித்தாய். "முகம் இல்லியே மக்கா, அதாக்கும். ஒருத்தனுக்கும் முகம் இல்ல."

அது கல்யாண வீடியோ எடுக்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. முதலாளி சாரின் சட்டம் உனக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. "கல்யாணத்துக்கு வந்த ஒரு முகம் கேசட்டுல விட்டுப்போச்சுன்னா, நாளைக்குக் கடைவாசல்ல அடியாக்கும்." அதனால் நீ வில்லனின் ஆட்களுக்கெல்லாம் முகம் கொடுத்தாய். பொழியூர் பஸ்ஸின் கண்டக்டர், உங்கள் கோயில் பாடகர் குழுவில் சுதி விலகிப் பாடுகிறவர், நெய்யாற்றின்கரைச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிற தாடிக்காரர், கடைசியில் முதலாளி சாரும். உதை வாங்குகிறவனுக்குத் தன் முகம் இருப்பதைப் பார்த்ததும் அவர், "என்னை எதுக்குப் பிள்ளே சவுட்டுக?" என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டார். ஆனால் படத்தில் தன் சட்டை மடிப்பு சரியில்லை என்று திருத்தியும் கொடுத்தார்.

முகம் வந்ததும் வம்பும் வந்தது. தெரிந்த முகத்தை மின்னி மறையவிட உனக்கு மனம் வரவில்லை. "விழுந்தவன் எங்க போவான்? அவனுக்கும் வீடு உண்டுல்லா" என்றாய். உன் படத்தில் அடி வாங்கினவர்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்தார்கள். கைலியைத் தட்டி உடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள். முகமூடிக்காரன் மட்டும் போக இடமில்லாமல் கூரையில் நின்றான். நான் சிரித்துச் சிரித்துக் கேமராவை ஆட்டிவிட்டு உன்னிடம் திட்டு வாங்கினேன்.

பலகையில் இரண்டு ஆணி, அதில் மாட்டத் துளைபோட்ட காகிதங்கள், கண்ணாடிக்கு அடியில் பல்பு. நீ காகிதம் மாற்ற, நான் கல்யாணக் கேமராவின் பட்டனை அமுக்கி நிறுத்துவேன். அந்தக் கேமராவுக்கு ஒரு கெட்ட குணம். நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் டேப்பைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, கடைசியாக எடுத்ததில் ஒரு துண்டைத் தின்றுவிடும். முதல் தடவை போட்டுப் பார்த்தபோது ஓங்கின கை இருந்தது, விழுந்த ஆள் இருந்தான், நடுவில் அடியைக் காணோம். "சண்டைப் படத்துல சண்டையை மட்டும் தின்னிட்டே, நாசமாப் போவ" என்று கேமராவின் தலையில் குட்டினாய். அதன்பிறகு தின்னக் கொடுப்பதற்கென்றே ஒவ்வொரு அடியையும் இரட்டிப்பாக எடுத்தோம்.

கடைசியாக நீ வரைந்த ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகு அவர் எழுந்தார். இடது தோளில் துடுப்பு. மணலில் வலது காலைச் சற்றே இழுத்து வைக்கிற நடை. கரையோரமாக வெகுதூரம் நடந்து ஒரு வீட்டுக்கு வந்தார். வாசல் நல்ல உயரம்தான், ஆனாலும் தலையைக் குனிந்து நுழைந்தார். உள்ளே ஒரு பெண் கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்தாள். அவ்வளவுதான். ஒரு அடி கிடையாது, உதை கிடையாது. மற்றவர்களுக்கு ஆன காகிதத்தைவிட அந்த நடைக்கு நீ அதிகம் வரைந்திருந்தாய்.

"இது ஆரு பிள்ளே? இந்த முகத்தை நான் கண்டதில்லியே."

"தெரிஞ்ச ஆளாக்கும்" என்றாய். கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தாய். நான் அதோடு விட்டுவிட்டேன். சின்னச் சின்னதுக்கெல்லாம் உன்னைக் குடைகிறவள் நான். அன்றைக்கு என் வாய்க்கு என்ன வந்தது?

போட்டுப் பார்த்தால் படம் நீளம். கேட்டது மூன்று நிமிடம். முதலாளி சார் தாடையைச் சொறிந்துகொண்டு, "அவங்க அடியை வரையுற ஆளத் தேடுதாங்க. நடையை வரையுற ஆளையில்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. உன் தம்பி படித்துக்கொண்டிருந்தான், வீட்டு மீன்பிடி வள்ளம் மாமன் பெயருக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டுக்கு ஒரு மாதச் சம்பளம் வந்தே ஆக வேண்டியிருந்தது. மறுநாள் டேப்பைப் பின்னால் ஓட்டி, துடுப்புக்காரர் எழுகிற இடத்தில் நிறுத்தி, அதன்மேல் முகமூடிக்காரனின் புதிய சண்டை ஒன்றை நீயே பதிந்தாய். பட்டனை என்னை அமுக்க விடவில்லை.

"வேலை கிட்டட்டும் மக்கா. இதை நல்லதா வேற வரைஞ்சு அம்மைக்குக் காட்டணும்" என்றாய். அம்மைக்கு எதற்கு என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

வேலை கிடைத்தது. அடுத்த மழைக்காலத்தில் கடல் உங்கள் வீட்டுப் பின்சுவரை எடுத்தபோது, காகிதங்கள் கட்டிவைத்த சாக்கும் அதோடு போனது. ஒருமுறை உன் கம்பெனிக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? அந்த கேமின் படத்தில் உன் பங்கைக் காட்டினாய். அழகாகத்தான் இருந்தது. விழுகிறவர்கள் இரண்டு தடவை மின்னினார்கள், இல்லாமல் போனார்கள். "இதாக்கும் எனக்க வேலை. ஆளை மாய்ச்சுக் களயுறது" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு வேலை, பிள்ளைகள், உன் நோய். வேற வரையணும் என்பது ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் சொல்லிக்கொள்கிற வாழ்த்தாகவே ஆகிவிட்டது.

உன் அடக்கம் கழிந்து உங்கள் புதிய வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சுவரில் ஒரு பழைய கல்யாணப் போட்டோவைப் பார்த்தேன். மாப்பிள்ளைக் கோட்டில் நம் துடுப்புக்காரர்! அப்பா கடலில் போனவர் என்று மட்டும்தான் நீ சொல்லியிருந்தாய். உன் அம்மை என் பார்வையைக் கண்டு, "அவளுக்க அப்பனாக்கும். வள்ளம் கிட்டிச்சு மக்களே, ஆள் கிட்டல்ல" என்றார். மகளை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளில், சவப்பெட்டியில்கூட வைக்க முடியாமல்போன ஒருவரைப் பற்றி அவர் பேசினார்.

எனக்குத் தாங்கவில்லை. "அவரு வீட்டுக்கு வந்தாரு அம்மை. நான் கண்டேன். அவ வரைஞ்சு வரவச்சா" என்றேன்.

அம்மை அழவில்லை. "எப்படி வந்தாரு?" என்று கேட்டார்.

நான் எழுந்து முற்றத்தில் இறங்கினேன். இடது தோளில் துடுப்பு இருப்பதாகக் கையை வைத்துக்கொண்டு, வலது காலைச் சற்று இழுத்து, முற்றத்திலிருந்து வாசலுக்கு நடந்தேன். நிலைப்படியில் தலையைக் குனிந்து நுழைந்தேன்.

"ஆமா, குனிவாரு" என்றார் அம்மை. "பழைய வீட்டுக்க வாசல் குட்டையாக்கும். எங்க போனாலும் குனிஞ்சுதான் நொழைவாரு." பிறகு, "இன்னும் ஒருக்க நடந்து காட்டு மக்களே" என்றார்.

இப்போது பொழியூருக்குப் போகும்போதெல்லாம் அம்மை கேட்கிறார், நான் நடக்கிறேன். அந்த நடையை வரைந்தவள் நீ, பார்த்தவள் நான். வேறு ஒருவரிடமும் அது இல்லை. ஒவ்வொரு தடவை நடக்கும்போதும், அந்தப் பாழாய்ப்போன கேமராவைப் போல நானும் ஒரு துண்டைத் தின்றுவிடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது. கால் அவ்வளவு இழுக்குமா, துடுப்பு அவ்வளவு சாயுமா என்று திருத்த நீ இல்லை.