மஞ்சள் சீட்டுக்குப் பின்னால்

அன்பு மகன் உருண்டைக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பு நோகாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, வாய்க்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம் ஒன்றைத் தவிர. வளர்ந்த பிள்ளையை இன்னும் உருண்டை என்று எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே, இன்றைக்கு அந்தப் பெயரை எழுதினால்தான் பேனா ஓடுகிறது. போனில் இதைச் சொல்ல முடியாது. போனை எடுத்தாலே ஸ்பீக்கர்ல போடு ஸ்பீக்கர்ல போடு என்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார், நான் சொல்லப்போவதோ அவருக்குத் தெரியாத விஷயம். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், சலூனில் ஊர்க்கதை பேசி முடிக்காமல் எழுந்து வரமாட்டார், அதற்குள் எழுதிவிட வேண்டும்.

எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் என்னைப் பொட்டலம் கட்டும் இடத்திலிருந்து விலைச்சீட்டு மாட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. ஆஃபர் என்ற பேச்சைக் கேட்டாலே அவருக்கு உச்சி சூடாகிவிடும், பஸ் ஓட்டின காலத்தில் குறுக்கே வந்த ஸ்கூட்டர்காரனைக்கூட அப்படித் திட்டியிருக்கமாட்டார், அந்தச் சீட்டை மாட்டுகிற கை என்னுடையது என்று தெரிந்தால் வீட்டில் ஒரு வாய் காப்பி நிம்மதியாகக் குடிக்க முடியுமா. வேலை இதுதான். சாமான் அடுக்கும் தட்டின் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும், அதற்குள் விலை போட்ட வெள்ளைச் சீட்டு இருக்கும். ஆஃபர் வந்தால் வெள்ளையை உருவிவிட்டு மஞ்சளைச் சொருக வேண்டும். மஞ்சளில் பெரிய விலை ஒன்றை அடித்துவிட்டுக் கீழே சின்ன விலை போட்டிருக்கும். அந்தப் பெரிய விலைக்கு அந்தச் சாமானை ஒருநாளும் நாங்கள் விற்றதில்லையப்பா. சோப்புத்தூள் நேற்றுவரை எண்பது, இன்றைக்கு மஞ்சள் சீட்டில் நூற்றிருபதை அடித்துத் தொண்ணூறு, சனம் என்னவென்றால் ஆளுக்கு இரண்டு மூன்றாக அள்ளிக்கொண்டு போகிறது. மேனேஜரிடம் கேட்டதற்கு, உங்க வேலை சொருகுறதும்மா, படிக்கிறது இல்லை என்றார். வாயை மூடிக்கொண்டு சொருகினேன். அந்தப் பட்டையோ இரும்புப்பிடி, ஒவ்வொரு வெள்ளையையும் உருவுவதற்குள் நகக்கண் கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. முன்னால் மஞ்சள் தெரிந்தால் போதாதா, பின்னால் என்ன இருக்கிறதென்று எவர் பார்க்கப்போகிறார் என்று வெள்ளையை அப்படியே விட்டு அதன் மேலேயே மஞ்சளைச் சொருகிக்கொண்டே போனேன். பார்த்தது யார் தெரியுமா, உங்கப்பா!

வழக்கம்போல் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு சோப்புத்தூள் வாங்க வந்திருக்கிறார். எழுத்துத் தெரியவில்லை என்று மஞ்சள் சீட்டை உருவிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், பின்னால் வெள்ளைச் சீட்டு பல்லைக் காட்டியது, மூக்கு இடிக்கக் குனிந்து அதையும் படித்துவிட்டார். நான் அதே வரிசைக் கோடியில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்திருந்தேன், குரலைக் கேட்டதும் இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டேன். இங்க பாருங்கம்மா, எண்பதுக்கு வித்ததைத் தொண்ணூறாக்கிட்டு அதுக்குப் பேரு ஆஃபராம், நம்ம நெத்தியில என்ன எழுதி ஒட்டியிருக்குன்னு கேளுங்க என்று பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தவனைத் திட்டுகிற அதே குரல். அவ்வளவுதான், ஆளாளுக்கு மஞ்சள் சீட்டை உருவ ஆரம்பித்துவிட்டார்கள். சீருடையோடு வந்திருந்த ஒரு நர்ஸம்மா ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தார். மேனேஜர் ஓடிவருவதற்குள் தரையெல்லாம் மஞ்சள், அப்பா நர்ஸம்மாவிடம் தன் நம்பரைக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு கிளம்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால் அவர் ராஜநடை நடக்கிறார். எவனோ ஒரு சோம்பேறி பழைய சீட்டை எடுக்காம விட்டிருக்கான், அந்தச் சோம்பேறி மகராசனா இருக்கணும் என்று எனக்கே கதை சொல்கிறார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல நான் அப்படியா அப்படியா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக் கேமராவில் பதிந்த படத்தைக் காட்டினார். முகம் தெளிவாக இல்லை, நீ வாங்கி அனுப்பின நீலத் தொப்பி பளிச்சென்று தெரிகிறது. இந்த ஆள் யாருன்னு தெரியுமா, போலீஸ்ல கொடுக்கப் போறேன் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் முறை வந்ததும் தெரியாது சார் என்றேன். கட்டின புருஷனை யாரென்று தெரியாது என்று சொன்ன வாயடா இது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை, வாசல் காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை நாளில் குடையோடு பின்வாசலில் எனக்காகக் காத்து நிற்பது எந்தத் தொப்பி என்று அவருக்குத் தெரியாதா. அப்போது ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் நான் வெளியே வரும்போது, ஐயா சௌக்கியமாம்மா என்று மட்டும் கேட்டார். அக்கறையாகக் கேட்டாரா, மிரட்டினாரா, இன்றுவரை புரியவில்லை. அப்பாவின் பென்ஷன் மருந்துக்கே சரியாகிவிடுகிறது, என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, உனக்குத் தெரியாததா.

நர்ஸம்மா சும்மா இருக்கவில்லை, படத்தோடு புகார் கொடுத்துவிட்டார், நாளைக்கு விலை பார்க்கும் ஆபீசர் கடைக்கு வருகிறார். ஆபீசர் வர்றதுக்குள்ள நீங்க விட்டுவெச்ச எல்லா வெள்ளையும் போயிருக்கணும் என்று நேற்று மேனேஜர் என்னிடம் சொல்லிவிட்டார். சோப்புத்தூள் வரிசையை உருவி முடித்துக் குழந்தைப் பால்பவுடர் வரிசைக்கு வந்தேன். அங்கே இரண்டு டின்னைச் சேர்த்துக் கட்டி, ஜோடியாக எடுத்தால் லாபம் என்று மஞ்சள் மாட்டியிருக்கிறோம், பின்னால் இருக்கும் வெள்ளையின்படி தனித்தனியாக இரண்டு எடுத்தால்தான் விலை குறைவு. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் அந்த ஜோடியைக் கூடையில் போட்டுவிட்டு, அதற்கு ஈடுகட்ட, எடுத்த பழத்தைத் திரும்ப வைக்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை, தனித்தனியா எடும்மா என்று உதடு அசையாமல் சொன்னேன். முதலில் விழித்தாள், பிறகு மஞ்சளைத் தூக்கிப் பார்த்தாள். ஜோடியை வைத்துவிட்டு ஒற்றை டின் இரண்டு எடுத்துக்கொண்டாள், பழமும் கூடைக்குத் திரும்பியது. அதற்கப்புறம் என் கை ஒரு வெள்ளையைக்கூட உருவவில்லையடா. மஞ்சளை நன்றாக அழுத்திவிட்டு, முடிச்சாச்சு சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்தத் தடவை நகத்தின் மேல் பழி போட முடியாது.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. நர்ஸம்மா கூப்பிட்டு, ஆபீசர் முன்னால் வந்து காட்டுங்க ஐயா என்றாராம், அதற்காகத்தான் உங்கப்பா மாப்பிள்ளை மாதிரி முடி வெட்டப் போயிருக்கிறார். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதற்கென்றே பிறந்த மனுஷன். அந்தத் தொப்பியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார், நான் எடுத்துத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தேன். குழந்தை மாதிரி வீடு முழுக்கத் தேடினார், என் பையன் வாங்கிக் கொடுத்தது, என் பையன் வாங்கிக் கொடுத்தது என்று. பொறுக்க முடியாமல் இதோ இங்க இருக்கே என்று நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார், சீட்டு மாட்டுகிறவள் என்பதால் நானும் நிற்க வேண்டும், நடுவில் மேனேஜர். இந்த ஆள் யார் என்று மறுபடி கேட்பார். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றால் நாக்கு எழவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் நின்று பதில் சொல்லிப் பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன். அவர் என் வீட்டுக்காரர். வெள்ளைச் சீட்டை விட்டவள் நான். எழுத முடிந்துவிட்டது பார்.

கடிதம் உன் கைக்கு வரும்போது எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும், பதறிக்கொண்டு டிக்கெட் போடாதே. அங்கே கடைக்குப் போனால் மஞ்சளைக் கண்டு மயங்காமல் கிலோ என்ன விலை என்று பார்த்து வாங்கு, பசியோடு கடைக்குள் போகாதே. நீ தலை நிமிர்ந்து, நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லவனாக நீண்ட காலம் வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அப்பா வந்துவிட்டார், மடித்து ஒளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கப்பா மகராசனாக இருக்கச் சொன்ன அந்தச் சோம்பேறி,
உன் அம்மா.