கடைசித் துளை

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? நான் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். ஆபீஸ் வேலையாக உன் ஊருக்கு வந்தவள், நேரம் போகாமல் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். வாத்தியக் கூடத்தில் கண்ணாடிக்குள் அப்பா பேண்டு வாத்தியக் குழுவில் ஊதிய மரக்குழல்! கொடுத்தவர் என்று உன் பெயர்.

அது உன்னிடம் போனதே எனக்கு இன்னும் ஆறவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? "அப்பாவுக்குச் செல்லமெல்லாம் தம்பிதான்" என்று அம்மா சொல்லும்போது சிரித்து வைப்பேன். சிரிப்பா அது?

அட்டையில் இன்னொன்றும் இருந்தது. நூறாண்டுப் பழமையாம். கடைசித் துளையை அடைத்துவிட்டு, பக்கத்தில் வேறு துளை போட்டிருக்கிறார்களாம், காரணம் தெரியவில்லையாம். அதில் ஒரு கீறல் விழுந்தாலே வீட்டை இரண்டாக்கும் மனிதர், உனக்காகத் துளையே போட்டாரா?

அன்பு அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஊர்வரை வந்து வீட்டுக்கு வராதது நியாயமா? உன் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வீட்டில் பூச்சி அரிக்கிறதே என்றுதான் குழலைக் கொடுத்தேன். துளையை யார் போட்டாரோ, விடு. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?

அன்புத் தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

சர்க்கரை கிடக்கட்டும். லீவு போட்டு மறுபடி போனேன். கூடத்துப் பொறுப்பாளரம்மாவிடம் கெஞ்சி, கையுறை மாட்டிக் குழலைப் பிடித்தேன். ஐந்து விரல் ஐந்து துளையில் உட்கார்ந்தது. ஆறாவது, நீ சாத்திய கதவில் நுனி போன மோதிர விரல். "அரைவிரல்" என்று கூப்பிட்டுச் சிரிப்பாயே, அதுதான். கையுறை நுனி காலியாகத் தொங்க, விரல் நேராகப் புதுத் துளைமேல் போய் நின்றது.

"உங்க கைக்கே அளவெடுத்த மாதிரி இருக்கேம்மா" என்றார் அவர். யாருக்காகப் போட்ட துளை இது? நீ சொல்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

நீ கல்யாணமாகிப் போன மாதம் அப்பா அதை என்னிடம் தந்தார். "அக்கா கைக்குத் தக்கபடி மாத்தியிருக்கேன். அவ வீட்டுக்குப் போறப்ப குடுத்துடு" என்றார். ஊதிப் பார்த்தேன். என் விரலுக்கு ஒரு சுரமும் ஒழுங்காக வரவில்லை. பத்து வருஷம் கேட்டும் எனக்குத் தொடத் தராத குழல் அது. பொறாமைதான், அக்கா. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"குடுத்தியாடா?" என்று கேட்டார். "குடுத்துட்டேன்" என்றேன். "ஒண்ணும் சொல்லலியா அவ?" "ஒண்ணும் சொல்லலைப்பா." அப்புறம் அவர் கேட்கவேயில்லை.

மன்னித்துவிடு.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

அப்பா கடைசிவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன தப்பு செய்தேன் என்று முப்பது வருஷம் யோசித்தேன். என் ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருந்திருக்கிறார்.

பொறுப்பாளரம்மாவுக்கு எழுதிவிட்டேன். "காரணம் தெரியவில்லை" என்பதை எடுத்துவிட்டு "மகளின் கைக்காக" என்று போடுவார்கள். கொடுத்தவர் இடத்தில் உன் பெயரே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

பள்ளி விடுமுறைக்கு மருமகளை மட்டும் அனுப்பு. நீ வர வேண்டாம்.

இப்படிக்கு,
அரைவிரல்