வாய் அடைத்த தேன்பெட்டிகள்

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு

பிரியமுள்ள வவுதா அக்காவுக்கு,

தங்கை வகேஷோ வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வோய் ஊர் பஸ்ஸின் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டதால் இந்த மாதத்துக்கு மேல் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று மொம்பாசாவில் நீ வேலை பார்க்கும் வீட்டு அம்மாள் சொல்லிவிட்டாளாமே. புதுச் சோளம் வீட்டுக்கு வரும் நேரம்தானே, பிரசவத்துக்கு அங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கடைக்காரரின் போனில் பேசும்போது சுற்றி நாலு பேர் நிற்பார்கள். எனக்கு வாய் திறக்காது. அதனால் எழுதுகிறேன். நடந்ததை முதலில் சொல்கிறேன். அப்போதுதான் என் பதில் உனக்குப் புரியும்.

நீ மொம்பாசா போன பிறகுதான் அப்பா கொல்லையைச் சுற்றித் தேன்பெட்டி தொங்கவிட்டார். நீ பார்த்ததில்லை. கம்பத்துக்குக் கம்பம் ஒரு பெட்டி, பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே கம்பி. யானை கம்பியில் முட்டினால் வரிசையாக எல்லாப் பெட்டியும் ஆடும், தேனீக்கள் கிளம்பிவிடும். அவ்வளவு பெரிய உடம்புக்குத் தும்பிக்கைக்குள்ளும் கண்ணோரத்திலும் கொட்டினால் தாங்காது. காதை விசிறிக்கொண்டு, மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டு ஓடும். கடைவாசலில் தடியோடு நிற்கும் காவல்காரனை அழைப்பதுபோல அப்பா அவற்றை அஸ்காரி என்றுதான் கூப்பிடுவார். “சம்பளம் கேக்காத அஸ்காரிங்க” என்பார். அம்மா காங்கா துணியைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு, “சம்பளம் கேக்காதுதான், உசிரைக் கேக்கும். ஒரு நாளைக்கு என்னைப் பொதைச்சிட்டு அதுங்களோடவே குடித்தனம் நடத்துங்க” என்று திட்டியபடியே பெட்டிகளைத் தாண்டி ஓடுவாள்.

எனக்கும் பயம்தான். ஒருமுறை கண்ணிமையில் கொட்டி, முகம் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. கோயிலுக்குக்கூடப் போகவில்லை. ஆனாலும் பொழுது சாயும்போது எட்ட நின்று அந்த இரைச்சலைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போவேன். யானை விரட்டக் கொல்லையில் கண்விழித்து, வகுப்பில் தூங்கித் தூங்கித்தானே நான் ஏழாம் வகுப்போடு நின்றேன்? பெட்டிகள் வந்த பிறகு தகரம் தட்ட யாரும் என்னை எழுப்பவில்லை. இந்த அறுவடை ஆனதும் மறுபடி பள்ளிக்கூடம் போகலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டுமே என்று வெட்கமாக இருந்தாலும், போவதற்கு ஆசையாக இருந்தது.

மகாங்கா சித்தப்பா இறந்த செய்தி உனக்கு வந்திருக்கும். எப்படி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய ஆடு ஒன்று நம் வேலியோரம் கட்டிக் கிடந்தபோது ஈ கொட்டிச் செத்துப்போனதிலிருந்து அவர் நம் வீட்டுக்கு வருவதில்லை. அவருடைய கொல்லைக்கும் பெட்டி கட்டித் தருகிறேன் என்று அப்பா கேட்டதற்கு, “யானை வந்தா சோளத்தைத் தின்னும். உன் பூச்சி வந்தா ஆளையே தின்னும். போ, போய் உன் பூச்சிக்குச் சோறு ஊட்டு” என்று சொல்லிவிட்டார். போன மாதம் ஒரு சாயங்காலம் யானைக்கூட்டம் நம் கம்பியைப் பார்த்து ஒதுங்கி, அவருடைய கொல்லையில் இறங்கிவிட்டது. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் பாதையில், அந்த முள்மரத்துக்குக் கீழே, ஒரு யானை திரும்பிவிட்டது. அதற்கு மேல் எழுத மாட்டேன். அப்பாவும் மற்றவர்களும் பாயில் வைத்துத் தூக்கிவந்தார்கள்.

சித்தப்பா வீட்டுக்கும் நம் கொல்லைக்கும் நடுவே இப்போது இருப்பது அந்தத் தேன்பெட்டிக் கம்பி மட்டும்தான். சாவுக்கு ஊரே வரும், பாட்டுப் பாடுவார்கள், அடுப்பு மூட்டுவார்கள், குழந்தைகள் ஓடுவார்கள். ஊர்த்தலைவர் முவாதிமே வந்து, “ஒரு சாவு போதும்ப்பா. உன் பெட்டிங்க வாயை இன்னிக்கு ஒருநாள் அடைச்சு வை. அடக்கம் முடிஞ்சதும் திறந்துக்கோ” என்று கேட்டார். சித்தியும் கேட்டாள். சாவு வீட்டில் கேட்டால் யார் மறுப்பது? அப்பா விடியுமுன்னே போய், ஈரப்புல்லைச் சுருட்டி ஒவ்வொரு பெட்டி வாயிலும் வைத்தார். மூச்சு விட விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டுத்தான் வைத்தார். நான்தான் கூட நின்று புல் எடுத்துக் கொடுத்தேன்.

ஆனால் சித்தப்பாவின் மகன் நைரோபியிலிருந்து வந்த பஸ் வழியில் பழுதாகிவிட்டது. மகன் வராமல் மண் போடக்கூடாது என்றார்கள். அடக்கம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. அதற்கு மறுநாளைக்கும் தள்ளிப்போனது. அடக்கம் முடியும்வரை அக்கம்பக்கத்தில் யாரும் கொல்லை வேலையில் கை வைக்கக்கூடாது அல்லவா? பெட்டி திறப்பதும் வேலைதான் என்றார்கள். உள்ளே இரைச்சல் அதிகமாக ஆக, கம்பியோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயம் வந்துவிட்டது. அப்பா விட்டிருந்த இடுக்கிலும் யாரோ சேற்றைப் பூசி அடைத்துவிட்டார்கள். யார் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது? பயந்தவர்கள் எல்லோரும்தான்.

வெயில் எப்படி என்று உனக்கே தெரியும். அடக்கத்தன்று மதியம், பெட்டிகளுக்குக் கீழே சின்னப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். பெட்டியின் அடிப்பலகை வழியாகத் தேன் சொட்டிக்கொண்டிருந்தது. மண்ணோடு சேர்த்து விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா, தேன் தானாகச் சொட்டக்கூடாது. உள்ளே அடை உருகி விழுந்தால்தான் சொட்டும்.

நான் ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. “தலைவரே, பெட்டியைத் திறக்கணும். உள்ள செத்துட்டிருக்கு” என்றேன். ஊர்த்தலைவர் என்னைப் பார்த்துவிட்டு, “அட, இந்தப் பொண்ணுக்குக் குரல் இருக்கா! நான் ஊமைன்னுல்ல நெனைச்சிட்டிருந்தேன்” என்றார். சாவு வீடென்றும் பாராமல் சிரித்தார்கள். ஒருவர், “பெட்டிக்குள்ளதானே இருக்குது மகளே, எங்க ஓடிடப்போகுது?” என்றார். அதற்கும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்தார். சித்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அண்ணே, அவரைக் கீழ இறக்கிடட்டும் அண்ணே. பிள்ளைங்க எல்லாம் நிக்குதுங்க. அப்புறம் திறங்க” என்று அழுதாள். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் நீ இருந்தாலும் உட்கார்ந்திருப்பாய்.

மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகு அப்பா ஒவ்வொரு பெட்டியிலும் காது வைத்துப் பார்த்தார். பிறகு மூடியைத் திறந்தார். வேகவைத்த கறுப்புப் பயறுபோல ஈரமாகக் குவிந்து கிடந்தன. ஒரு பெட்டியில் மட்டும் சில ஈக்கள் நடந்தன. அவையும் காலைக்குள் செத்துவிட்டன. அம்மாதான் முறத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளினாள். காங்கா துணியை அன்று தலைமேல் போட்டுக்கொள்ளவில்லை. அள்ளிவிட்டு எங்கே கொட்டுவது என்று தெரியாமல் முறத்தோடு வெகுநேரம் வாசலில் நின்றாள். “சனியன்களா, இப்படியா போவீங்க” என்றாள். வாழைமரத்தடியில் குழி தோண்டி மூடினோம்.

அதன் பிறகும் கொஞ்ச நாள் யானைகள் வரவில்லை. வெறும் பெட்டிகளைப் பார்த்தே விலகிப் போயின. “பாத்தியா, பேருக்கு நின்னாலும் அஸ்காரி அஸ்காரிதான்” என்று அப்பா சொன்னார். எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. இன்னும் சில வாரம் தாண்டினால் சோளம் முற்றிவிடும். பிறகு ஒருநாள், வெளிச்சம் போவதற்கு முன்பே, ஒரு யானைக்குட்டி கம்பியில் முதுகைத் தேய்த்தது. பெட்டிகள் எல்லாம் ஆடின. பெரிய யானைகள் காதை விரித்துக்கொண்டு பின்னால் போயின. பெட்டிகளிலிருந்து ஒரு ஈ கூட வரவில்லை. கிழட்டுப் பெண்யானை ஒன்று மெதுவாக வந்து, பெட்டியின் வாயில் தும்பிக்கை நுனியை வைத்து மோந்து பார்த்தது. நாங்கள் வீட்டுக்குள் கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா என் தோளைப் பிடித்திருந்த பிடி இன்னும் வலிக்கிறது. அந்தக் கிழட்டு யானை தலையை ஆட்டிவிட்டு, கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது. மற்றவை அதன் பின்னால் வந்தன.

சோளம் இல்லை. பாசிப்பயறு இல்லை. தண்ணீர்த் தொட்டி உடைந்துவிட்டது. இப்போது தினமும் வருகின்றன. சோளம் சேர்த்து வைக்கும் அறை எது என்று தெரிந்துகொண்டு, அந்தச் சுவரைத் தந்தத்தால் இடித்துவிட்டன. அது நாமிருவரும் படுத்த அறைக்கு அடுத்த சுவர். அம்மாவின் பூசணிக்கொடி மட்டும் தப்பியது. ஆனால் பூ பூக்கிறது, பிஞ்சு கட்டாமல் மஞ்சளாகி உதிர்கிறது. அம்மா ஒரு குச்சியால் பூவுக்குப் பூ தடவிப் பார்த்தாள். “இதுக்கும் அதுங்கதான் வரணுமா?” என்று கேட்டாள்.

பெட்டிகளைக் கழுவி, பழைய மெழுகைத் தடவி வைத்திருக்கிறோம், புதுக்கூட்டம் வந்து குடியேறாதா என்று. காட்டில் பூ இல்லை, மழை இல்லை. ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. சித்தி நேற்று வந்து, தன் பக்கமும் ஒரு பெட்டி தொங்கவிட முடியுமா என்று கேட்டாள். ஊர்த்தலைவர், “சந்தையில வேற பூச்சி வாங்கிப் போடேன்ப்பா” என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, அக்கா. உண்மையிலேயே வாங்கலாம் என்று நினைத்துத்தான் சொன்னார். அப்பா இன்னமும் பொழுது சாய்ந்தால் தகரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறார். அங்கே காப்பதற்கு ஒன்றுமில்லை.

நீ கேட்டதற்கு இப்போது வருகிறேன். நீ வராதே. பஸ் வந்து நிற்கும் நேரத்தில்தான் அந்தப் பாதையில் யானைகள் நடக்கின்றன. வயிற்றுப் பிள்ளையோடு உன்னால் ஓட முடியாது. வந்தாலும் கிழங்கு அவித்துத்தான் தர முடியும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. முன்பு உன்னோடு மீன் கடையில் வேலை பார்த்த கமெனெ அக்காவைக் கேட்டுப்பார். கோயிலில் கேட்டுப்பார். யாரிடமாவது கேள். நான் பேச வெட்கப்படுவதுபோல நீ கேட்க வெட்கப்படாதே.

அப்பாவுக்கு எழுத்து தெரியாதல்லவா, இதை எழுதும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். “நாங்க நல்லா இருக்கோம், சோளம் தலைக்கு மேல நிக்குது, தாயி, வீட்டுக்கு வந்து பெத்துக்கோன்னு எழுது” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு நீளமாகப் போகிறதே என்று கேட்டார். ஊர்ச் செய்தி எல்லாம் எழுதுகிறேன் என்றேன். முடித்ததும் படித்துக் காட்டச் சொல்வார். அவர் சொன்னதையே இதில் எழுதியிருப்பதுபோலப் படித்துக் காட்டுவேன்.

கடவுள் உனக்குச் சுகப்பிரசவம் தரட்டும். பிள்ளை முழு உடம்போடு பிறக்கட்டும். உன்னை வாசலில் சேர்த்துக்கொள்ள ஒரு வீடு அந்த ஊரிலேயே கிடைக்கட்டும். எங்களை நினைத்து அழாதே, புறப்பட்டும் வந்துவிடாதே, அக்கா.

உன் தங்கை,
வகேஷோ