முதல் பக்கத்துக் கறை

61-ஆம் ஆண்டு, நாள் 114

நான்காம் மாடத்தின் வெளிவாசலில் இன்று ஒரு பிணம். காற்று அளக்கும் பிரிவில் வேலை பார்த்த பெண், எல்லோரும் அளவுக்காரி என்று கூப்பிடுவார்கள். மாடத்தின் கண்ணாடிக் கூரையைத் துடைக்கிற வண்டிக்காரர் மண்ணில் கிடந்தவளைப் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். வெளியுடையின் கழுத்து வளையம் திறந்து உள்ளே இருந்த காற்றெல்லாம் போயிருக்கிறது. மாடங்களுக்கு வெளியே காற்றே இல்லாத இந்தக் கிரகத்தில் அதற்குப் பிறகு யாருக்கும் பதினைந்து விநாடிதான். வண்டியிலிருந்து நானே இறக்கினேன். வழக்கம்போல வளையத்தைத் துடைத்து உள்ளே எடுத்தோம்.

விபத்துப் பிரிவில் எனக்குப் பத்தொன்பது வருடம். முன்னூற்றுச் சொச்சம் சாவுகளை விசாரித்திருக்கிறேன், முன்னூற்றுச் சொச்சமும் விபத்து. இங்கே யாரும் யாரையும் கொல்வதில்லை. அவ்வளவு நல்லவர்கள்.

கையைக் கழுவாமல் எழுத உட்கார்ந்ததில் பக்கத்தின் ஓரத்தில் கறை பட்டுவிட்டது. புது நோட்டு, முதல் பக்கம். போகட்டும்.

நாள் 115

அளவுக்காரியின் புருஷன் அலுவலகத்துக்கு வந்தார். கிழிந்த வெளியுடைகளுக்கு ஒட்டுப்போட்டுத் தைக்கிறவர். அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவ வளையத்துல குறி இருந்துச்சா சார்?”

நான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.

தன் கழுத்து வளையத்தைத் தானே பார்க்க முடியாது, ஹெல்மெட் மறைக்கும். அதனால் வெளியே போகிறவருக்கு இன்னொருவர் வளையத்தைப் பூட்டுகிற கொண்டியை அழுத்திப் பார்த்து, சாக்பீஸால் தன் குறியைப் போட்டு அனுப்புவார். இவர் திரும்பி வர நான் பொறுப்பு என்று அர்த்தம். திரும்பி வந்ததும் வாசலில் நிற்கிறவர் கட்டைவிரலால் அதை அழித்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். அறுபது வருடப் பழக்கம். குழந்தைகள் விளையாடும்போதுகூட ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

குறி போடாமல் தனியாகப் போனாள் என்று நான்காம் வாசல் பதிவேட்டில் இருக்கிறது. அப்படியென்றால் அவள் தப்பு, விபத்து. குறி இருந்திருந்தால்?

என் கட்டைவிரல் எதையோ அழித்தது. மாவு போல வழுக்கியது, அது நினைவிருக்கிறது. யார் குறி? என்ன நிறம்? பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் விசாரணை செய்தவன், இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே துடைத்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“கவனிக்கலைங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். “யாரும் பாக்காம வெளிய கால் வைக்க மாட்டா சார். குளிக்கப் போனாலே ரெண்டு தடவ தாழ்ப்பாள் பாப்பா.”

நாள் 116

அவளுடைய கொண்டியை லென்ஸில் பார்த்தேன். அரத்தால் பாதிவரை அறுத்திருக்கிறது. தேயவில்லை, உடையவில்லை, அறுத்திருக்கிறது. குறி போடுகிறவர் அழுத்தியிருந்தால் விரலுக்கடியிலேயே ஆடியிருக்கும். தெரிந்தேதான் குறி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நடக்கும்வரை தாங்கும்படி கணக்காக அறுத்திருக்கிறார்கள். வேலை தெரிந்த கை.

என் மேலதிகாரிக்கு வெண்ணெய் என்று பெயர் வைத்தது நான்தான். எதுவும் அவர்மேல் ஒட்டாது. மேஜைக்கு வந்து குனிந்து, “ரெண்டு வரி அறிக்கை, அதுக்கு ரெண்டு நாளாப்பா?” என்றார்.

கொண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்திரமாக வைக்கிறாராம்.

நாள் 117

நான்காம் மாடத்தில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனேன். என் மருமகளுக்கு, அவள் பெண்ணுக்கு, மறுபடி தலைவலி. வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் எழுதியனுப்பியிருக்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன தூக்கம்?

நாள் 118

தையற்காரர் மறுபடி வந்தார். தைக்கக் கொண்டுவந்த உடையின் மடிப்புக்குள்ளிருந்து அளவுக்காரி எழுதிய ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். “என்கிட்ட இருந்தா நான் படிச்சுட்டே இருக்கேன் சார். நீங்க வச்சுக்கோங்க.”

மாடத்துச் சுவர்களில் இருக்கிற காற்றுமானிகளை அளவுக்காரி நம்பவில்லை. எல்லாம் நிர்வாகம் மாட்டியது, எந்த மாடத்திலும் எப்போதும் ஒரே எண். அவள் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதன்மேல் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து, அணையும்வரை விநாடி எண்ணியிருக்கிறாள். ஆறு மாதம், தினமும். நிர்வாகிகள் குடியிருக்கிற முதலாம் மாடத்தில் 41. நான்காம் மாடத்தில் 38, பிறகு 34, பிறகு 29. புது உருக்காலைக்குப் போகிற குழாய் நான்காம் மாடத்தின் அடியிலிருந்து கிளம்புகிறது என்று கடைசிப் பக்கத்தில் படம் போட்டிருக்கிறாள். உலை நன்றாக எரிய ஆக்சிஜன் வேண்டுமே. அதை இருபதாயிரம் பேர் மூக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசிக் குறிப்பு: “நேரில் வந்து விளக்கச் சொல்லி முதலாம் மாடத்திலிருந்து அழைப்பு. கேட்கிறார்களே, சந்தோஷம்.”

சந்தோஷமாம்.

நாள் 119

தங்கை வீட்டில் அதே மெழுகுவத்தி, அதே ஜாடி. மருமகள் விரல் விட்டு எண்ணினாள். இருபத்தாறில் அணைந்துவிட்டது.

“மாமா, இன்னொரு தடவ,” என்றாள். செய்தேன். இருபத்தாறு.

தங்கை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் சுரங்கத்தில் போனபோது அதற்கும் விபத்து என்று எழுதியவன் நான்தான். அன்றும் அவள் இப்படித்தான் நின்றாள்.

“இத யார்கிட்டயாவது சொல்லப் போறியாண்ணா?”

“பாக்கறேன்.”

“பாக்கறேன்னு சொன்னா நீ பாக்க மாட்ட,” என்று உள்ளே போய்விட்டாள்.

இந்தத் தடவை எழுதுவேன். கொலை என்று எழுதுவேன். ஆனால் என் கையில் என்ன இருக்கிறது? கொண்டி வெண்ணெயிடம். குறியை நானே அழித்தேன். ஒரு மெழுகுவத்தியைக் காட்டினால் சிரிப்பார்கள்.

நாள் 121

தேதி சரிபார்க்க நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்து ஓரத்தில் கறை, அன்று மங்கல் வெளிச்சத்தில் வெறும் அழுக்கு என்று நினைத்தது.

நீலம்.

ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நிற சாக்பீஸ். நான்காம் வாசலுக்கு மஞ்சள். நீலம் முதலாம் வாசலுக்கு மட்டும். அவள் நான்காம் வாசல் வழியாகப் போகவே இல்லை, அந்தப் பதிவேடு பொய். விளக்கம் சொல்லப் போனவளுக்கு முதலாம் வாசலில் அவர்களே உடை மாட்டி, அறுத்த கொண்டியை மூடி, குறி போட்டு, வெளிவழியாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். என் கட்டைவிரல் ரேகையோடு அது இங்கே உட்கார்ந்திருக்கிறது, ஒரு வாரமாக. கை கழுவாதது என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருகிற மேற்பார்வைக் கப்பல் இன்னும் எட்டு நாளில் இறங்குகிறது. அவர்கள் இந்த நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அவளுடைய நோட்டு, அதிலுள்ள படம், கறை பட்ட இந்தப் பக்கம் மூன்றையும் அவர்கள் கையில் கொடுத்தால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு நீல சாக்பீஸ் வேண்டும்.

நாள் 122

முதலாம் வாசலில் சாக்பீஸ் வாங்கினேன். பதிவேட்டை நீட்டினார்கள், பெயர், பிரிவு, காரணம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். “ஒப்பிட.” முறைப்படி. பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. பத்தொன்பது வருடப் பழக்கம் என்னை மறுபடியும் கவிழ்த்துவிட்டது.

நிறம் ஒன்றேதான். சந்தேகமே இல்லை.

நாள் 123

காலையில் மருமகள் எழுந்திருக்கவில்லை. தங்கை தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறாள். நான் போனபோது மூக்கில் குழாய், நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. அந்த வரிசையில் பதினோரு குழந்தைகள். எல்லாம் நான்காம் மாடம்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளைக்கு இந்தக் குழாயை எடுத்து வேற பிள்ளைக்குப் போடணும். முதலாம் மாடத்து நல்ல காத்துக்கு மாத்துங்க. இங்கயே இருந்தா ஒரு மாசம்கூட நான் சொல்ல மாட்டேன்.”

முதலாம் மாடத்தில் குடியிருக்க அனுமதி கேட்டு வரிசையில் நிற்கிறவர்கள் ஆறு வருடமாக நிற்கிறார்கள்.

கப்பலுக்கு இன்னும் ஆறு நாள். வந்தாலும் விசாரணை, சாட்சி, அறிக்கை. குழாயை அடைக்க எத்தனை மாதம் ஆகும்? அதற்குள் இவள்—

எழுத வரவில்லை.

நாள் 124

வெண்ணெய் வீட்டுக்கே வந்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். “குழந்தை எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டபோது குரல் உண்மையிலேயே கனிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

சட்டைப்பையிலிருந்து அனுமதிச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். முதலாம் மாடம், ஒரு தாய், ஒரு குழந்தை, ஒரு தாய்மாமன். முத்திரைகூடக் குத்தியிருந்தது.

“நீ சாக்பீஸ் வாங்கினியாமே. எதோட ஒப்பிட்ட?”

நான் மேஜையிலிருந்த சீட்டையே பார்த்தேன்.

“நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல. செத்தவங்களுக்கு நாம என்ன செய்ய முடியும்? உயிரோட இருக்கிறதப் பாரு. யோசி, நாளைக்கு வரேன்.”

சீட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போனார். ஆளைத் தெரிந்தவர்.

பதினோரு குழந்தைகள். ஒரு சீட்டு. தையற்காரர் முகம் கண்முன்னால் வந்துகொண்டே இருக்கிறது. நான் என்ன செய்வேன்? என் தங்கைக்கு இருக்கிறது அது ஒன்றுதான். எனக்கும் அது ஒன்றுதான்.

நாள் 125

கொடுத்துவிட்டேன். அளவுக்காரியின் நோட்டையும், இந்த நோட்டின் முதல் பக்கத்தையும். நேராகக் கிழிப்பதற்காக அளவுகோல் வைத்துக் கிழித்தேன்.

வெண்ணெய் எரித்துவிடுவார் என்று நினைத்தேன். எரிக்கவில்லை. நான்காக மடித்து உள்பையில் வைத்தார். “மேல இருக்கிறவங்ககிட்ட எனக்கும் ஒரு பிடிமானம் வேணும்லப்பா,” என்றார்.

நாள் 130

கப்பல் நேற்று வந்து இன்று போய்விட்டது. எல்லா மாடத்துக் காற்றுமானிகளையும் பார்த்தார்கள். எல்லாம் ஒரே எண். திருப்தி என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

என் அறிக்கை: விபத்து. இரண்டு வரி.

தையற்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “குறி எதுவும் இல்லைங்க. நல்லாப் பாத்துட்டேன்,” என்றேன். முன்பு கவனிக்கவில்லை என்று சொன்னவன் இப்போது நன்றாகப் பார்த்தேன் என்கிறேன். அவருக்கு அது புரியாமல் இருக்காது. என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, “உங்க உடையில எதாவது கிழிஞ்சா கொண்டாங்க சார், தச்சுத் தரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டியிருக்கலாம்.

நாள் 134

குடி மாறினோம். தங்கை மூட்டை கட்டும்போது எதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரி தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தங்கை அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் தலையைக் குனிந்து வந்தாள்.

நாள் 149

வெண்ணெய்க்குப் பதவி உயர்வு. பாதுகாப்பு நிர்வாகியாம். அவர் நாற்காலி இப்போது எனக்கு.

மருமகள் ஓடுகிறாள், சத்தம் போடுகிறாள், கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. இன்று அவளே மெழுகுவத்தியை எடுத்து வந்து ஜாடியைக் கவிழ்த்து எண்ணினாள். நாற்பத்தொன்று. கைதட்டினாள். “மாமா, பழைய வீட்டுல இருபத்தாறுதானே வந்துச்சு, ஏன்? நாளைக்கு டீச்சர்கிட்ட கேக்கட்டுமா?”

“வேணாம்மா. யார்கிட்டயும் கேக்காத,” என்றேன். ஜாடியை எடுத்து மேல் அலமாரியில், அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். தங்கை அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

மருத்துவமனை வரிசையில் நான்கு கட்டில் காலியாகிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னார். எப்படிக் காலியானது என்று நான் கேட்கவில்லை. நாளை நான்கு அறிக்கை என் மேஜைக்கு வரும்.

முதல் பக்கம் இல்லாத நோட்டை எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் நாள் 114-ஐ நினைவிலிருந்து திரும்ப எழுதி முன்னால் ஒட்டிவிட்டேன். வார்த்தை ஒன்றும் மாறவில்லை. கறை பட்டுவிட்டது என்ற வரியை விட்டுவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். விடவில்லை, அதையும் எழுதினேன்.

எழுதும் முன் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டேன்.